தீ தின்ற காட்டுக்கு ஒரு நாள் பயணம்: பிக் பேசின் ஸ்டேட் பார்க் முழுமையான வழிகாட்டி

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ரெட்வுட் என்ற ராட்சத ஊசியிலை மரம் பார்க்க எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மியூர் வுட்ஸ் என்றுதான் பதில் வரும். நல்ல இடம்தான், கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமாண்ட் பக்கம் குடியிருப்பவர்கள் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை. தெற்கே சான்டா குரூஸ் மலைகளுக்குள் பிக் பேசின் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க் இருக்கிறது. 1902ல் உருவான இதுதான் கலிபோர்னியாவின் ஸ்டேட் பார்க்குகளில் மூத்தது. 18,000 ஏக்கருக்கு மேல் பரப்பு.

இந்தப் பெயரைச் சொன்னதும் வரும் அடுத்த கேள்வி, "அதுதான் 2020லேயே எரிஞ்சு போச்சே, இப்ப அங்க என்ன இருக்கு?" என்பது. 2020 ஆகஸ்ட் நடுவில் விழுந்த மின்னல்களால் பற்றிய காட்டுத்தீ, பார்க்கின் 97 சதவீதத்தைத் தொட்டது உண்மைதான். இரண்டு வருடம் மூடிக் கிடந்து 2022 ஜூலையில்தான் ஒரு பகுதியைத் திறந்தார்கள். எரிந்தது என்பதற்காகத்தான் இப்போது போகச் சொல்கிறேன். ஆயிரம் வருட மரங்கள் கரியாகி, அந்தக் கரிக்குள்ளிருந்தே மறுபடி தழைப்பதை இவ்வளவு கிட்டத்தில், பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நடந்து பார்க்கக்கூடிய இடம் பக்கத்தில் வேறு இல்லை. கூட்டிப் போகிறவர் கொஞ்சம் தயாராகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை போவது உத்தமம். மலையெல்லாம் பச்சையாக இருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், வெயிலும் சுடாது. கோடையில் காலை நேரம் கடல் மூடுபனி உள்ளே வந்து குளிரும், மதியத்தில் விலகும். அந்தப் பனியைத் திட்டாதீர்கள். மழையே பெய்யாத கலிபோர்னியாக் கோடையில் ரெட்வுட் மரங்களுக்குத் தண்ணீர் அதுதான். ஊசியிலைகளில் படிந்து சொட்டும் பனிநீர், இந்த வகைக் காடுகளுக்கு வருடத்தில் கிடைக்கும் மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை வரும் என்று அளந்திருக்கிறார்கள்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். காளானும் ஓடில்லாத நத்தையும் பார்க்க ஆசை என்றால் மழை விட்ட மறுநாள் போகலாம். ஆனால் பலத்த காற்று என்று முன்னறிவிப்பு இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம். தீயில் செத்துப்போன மரங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. அவை எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. பார்க்கையே மூடிவிடுவார்கள் என்பதும் உண்டு, அதனால் கிளம்பும் நாள் காலையில் கலிபோர்னியா ஸ்டேட் பார்க்ஸ் தளத்தில் பிக் பேசின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்த டிரெயில் திறந்திருக்கிறது என்பதும் அதிலேயே இருக்கும். பல பாதைகளைப் பகுதி பகுதியாகத்தான் திறந்துவருகிறார்கள்.

முன்பு இங்கே கூடாரம் போட்டு இரவு தங்கியவர்கள் பலர். தீக்குப் பிறகு காட்டின் நடுப்பகுதியில் அந்த வசதி இல்லை. பகல் பயணமாகவே திட்டமிடுங்கள்.

பார்க்கிங்

இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். தீக்கு முன்பு நேராகப் போய் வண்டியை நிறுத்தலாம். இப்போது நிறுத்துமிடம் சிறியது, ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்ளச் சொல்கிறார்கள். சனி, ஞாயிறு என்றால் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஒன்றேகால் மணி நேரம் மலையேறிப் போய், இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் வண்டிக்குள் இருக்கும் மாமியாரை யார் சமாளிப்பது? முன்பதிவுச் சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அங்கே இன்டர்நெட் கிடையாது.

உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ஸ்டேட் பார்க் நுழைவுப் பாஸ் இரவல் தருகிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் புத்தகம் மாதிரியே இதையும் எடுத்துப் போய்த் திருப்பித் தரும் திட்டம் உண்டு. நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

வழி

கூகுள் மேப்ஸ் இரண்டு வழிகளில் ஒன்றைக் காட்டும். குப்பர்ட்டினோ, சாரடோகா பக்கமிருந்து வந்தால் ஹைவே 9ல் மலையேறி, வாட்டர்மன் கேப்பில் திரும்பி 236ல் வடக்கிலிருந்து இறங்கும் வழி. காகிதத்தில் தூரம் குறைவு. ஆனால் அந்த 236ன் வடக்குப் பகுதி சில இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஓட்டுவது பிடித்தவருக்குச் சுகம், பின்சீட்டில் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டும்.

பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் நான் சொல்வது இரண்டாவது வழி: ஹைவே 17ல் ஸ்காட்ஸ் வேலி, அங்கிருந்து மவுண்ட் ஹெர்மன் சாலையில் ஃபெல்டன், பிறகு 9ல் போல்டர் க்ரீக், கடைசியாக 236ல் சுமார் 9 மைல். இதிலும் வளைவுகள் உண்டு, ஆனால் சாலை அகலம். கோடைச் சனி ஞாயிறுகளில் 17ல் கடற்கரைக்குப் போகிற கூட்டம் சேர்ந்துகொள்ளும், அதனால் காலை எட்டு மணிக்குள் அந்தச் சாலையைப் பிடித்துவிடுங்கள்.

வண்டியில் இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் இருக்கட்டும். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்பவரை முன்சீட்டில் உட்கார வைத்து, போனைப் பார்க்காமல் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போல்டர் க்ரீக்தான் கடைசி ஊர். பெட்ரோல், ஐஸ், மறந்துபோன தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரிக் வண்டிக்காரர்கள் வீட்டிலேயே முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். அந்த ஊரைத் தாண்டினால் போனில் சிக்னல் போய்விடும். முந்தின இரவே மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். இரண்டு வண்டிகளில் போகிறவர்கள் "அங்க போய் போன் பண்ணிக்கலாம்" என்று பிரியாதீர்கள்.

மூட்டை கட்டுவது

தண்ணீர் நிறைய. உள்ளே கடை கிடையாது, தற்காலிகக் கழிப்பறைகள்தான் இருக்கும், ஆகவே கை கழுவ, கால் கழுவ என்று பெரியவர்களுக்குத் தனியாக ஒரு பாட்டில் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும்படி உடை: காலையில் ஸ்வெட்டர் வேண்டும், மதியம் வேண்டாம். தொப்பி அவசியம். தீக்கு முன்னால் வந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியும். அப்போதெல்லாம் உச்சிவேளையிலும் உள்ளே மங்கலாக இருக்கும், தொப்பிக்கு வேலையே இல்லை. மேற்கிளைகள் எரிந்துபோனதால் இப்போது வெயில் தரை வரை இறங்குகிறது.

முழுக்கால் பேண்ட், மூடிய ஷூ. அம்மாக்கள் புடவை, செருப்போடு வருவதை ரெட்வுட் லூப் என்ற சமதளச் சுற்றுப்பாதை தாங்கும், அதற்கு மேல் போகும் பாதைகள் தாங்காது.

சாப்பாடு: பருக்கைகூட விழக்கூடாது

நம்மவர் பயணம் என்றால் புளிசாதம், தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, கூடவே ஒரு மிக்சர் பாக்கெட். எல்லாம் எடுத்து வாருங்கள். ஆனால் இந்தக் காட்டில் ஒரு பருக்கை, ஒரு ஓமப்பொடித் துண்டு கீழே விழக்கூடாது என்று ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

மார்பிள்டு மர்ரெலெட் என்றொரு சின்னக் கடல்பறவை. பசிபிக் கடலில் மீன் பிடித்துத் தின்னும். முட்டையிட மட்டும் மைல் கணக்கில் பறந்து காட்டுக்குள் வந்து, முதிர்ந்த மரத்தின் உயரத்துக் கிளையில், பாசி மெத்தையின் மேல் ஒரே ஒரு முட்டை இடும். கூடுகூடக் கட்டாது. இந்தப் பறவை எங்கேதான் குஞ்சு பொரிக்கிறது என்று பறவையியலாளர்கள் நெடுங்காலம் தேடியும் கிடைக்கவில்லை. 1974ல் இதே பிக் பேசினில், முகாம் இடத்தில் கிளை வெட்ட மரமேறிய ஒருவர்தான் தற்செயலாகக் கண்டார். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதன் முட்டையைத் தின்பவை ஸ்டெல்லர் ஜே என்ற கொண்டை வைத்த நீலப்பறவையும் அண்டங்காக்கையும். நாம் சிந்தும் சாப்பாடு இருக்கும் இடத்தில் அவை பெருகும். பெருகினால் மேலே இருக்கும் முட்டை தப்பாது. ஒரு கைப்பிடி மிக்சருக்கும் ஒரு பறவை இனத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

ஆகவே நடந்துகொண்டே கொறிக்க வேண்டாம். மேசை உள்ள இடத்தில் உட்கார்ந்து, துணி விரித்துச் சாப்பிட்டு, உதிர்ந்ததைத் துணியோடு சுருட்டி வண்டியில் வையுங்கள். உதிரும் பண்டங்களைவிட இட்லி, சப்பாத்தி ரோல், வாழைப்பழம் வசதி. பழத்தோலையும் "மக்கிடும்" என்று எறியாதீர்கள். நீலப்பறவை மேசை வரை வந்து குழந்தையின் கையைப் பார்க்கும், அழகாகவும் இருக்கும். அதற்கு எதுவும் போடக்கூடாது.

ரெட்வுட் லூப்: நின்று நின்று பாருங்கள்

அரை மைலுக்குச் சற்று அதிகமான, சமதளமான சுற்றுப்பாதை. வேகமாக நடந்தால் கால் மணி நேரம். அப்படி நடந்தால் ஒன்றும் தெரியாது, ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு மரத்தின் அடிக்குப் போய், பாதையில் நின்றபடியே, பட்டையில் கை வையுங்கள். நார் நாராக இருக்கும், அழுத்தினால் லேசாக அமுங்கும். கரி ஒட்டும், பரவாயில்லை. இந்தப் பட்டை ஓர் அடி கனம் வரை வளரும். மற்ற ஊசியிலை மரங்களில் இருப்பது போல எளிதில் பற்றும் பிசின் இதில் அதிகம் இல்லை. டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய, பூச்சி அண்டாததற்கும் அதுதான் காரணம். நம் தலைக்கு மேலே பல ஆள் உயரத்துக்குப் பட்டை கருத்திருந்தும் உள்ளே மரம் சாகாமல் இருப்பது இதனால்தான்.

அடுத்து நிமிர்ந்து பாருங்கள். சாதாரண மரமென்றால் தண்டு, பிறகு கிளை, பிறகு இலை. இங்கே அடியிலிருந்து நுனி வரை கருத்த தண்டிலிருந்து நேரடியாகப் பச்சை இலைக்கற்றைகள் முளைத்திருக்கும், பாட்டில் கழுவும் பிரஷ்ஷைத் தரையில் நட்டு வைத்த மாதிரி. பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் தீக்குப் பிறகு விழித்துக்கொள்கின்றன. எரிந்து இலையே இல்லாமல் நின்ற மரத்துக்கு முளைவிட மாவுச்சத்து எங்கிருந்து வந்தது? இதே பிக் பேசின் மரங்களின் முளைகளை ஆராய்ந்து 2023ல் விடை சொன்னார்கள்: பல பத்தாண்டுகளுக்கு முன்பு வெயிலில் தயாரித்துத் தண்டுக்குள் சேமித்து வைத்த சத்தைத்தான் எடுத்துச் செலவழித்திருக்கிறது. முளைத்த மொட்டுகளில் சில நூற்றாண்டுகள் பழையவை. அந்த மரத்தடியில் நின்று இதைச் சொன்னால் ஊரிலிருந்து வந்த அப்பாக்கள் கேட்பார்கள். வேறு எந்த இடத்திலும் போனைக் கீழே வைக்காத பிள்ளைகளும் கேட்கும்.

பாதையில் பெயர் பெற்ற இரண்டு மரங்கள் உண்டு. 'மதர் ஆஃப் தி ஃபாரஸ்ட்' ஒரு காலத்தில் 329 அடி உயரம், பிறகு நுனி முறிந்து குறைந்தது. 'ஃபாதர் ஆஃப் தி ஃபாரஸ்ட்' உயரத்தைவிடச் சுற்றளவுக்குப் பேர் போனது. இரண்டும் தீயைத் தாண்டி நிற்கின்றன. இவற்றைவிட நான் நின்று பார்க்கச் சொல்வது, வட்டமாக நெருங்கி நிற்கும் மரக்கூட்டங்களை. நடுவே எப்போதோ ஒரு தாய்மரம் இருந்து விழுந்திருக்கும், அதன் வேரடியிலிருந்து சுற்றிலும் கிளைத்தவை இவை. காயைத் தேடினால் ஏமாறுவீர்கள். இவ்வளவு பெரிய மரத்தின் காய் ஆலிவ் அளவுதான், தக்காளி விதை போல் உள்ளே விதை. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள், பையில் போடக்கூடாது.

எல்லா மரமும் ரெட்வுட் போலத் தப்பவில்லை என்பதையும் கவனியுங்கள். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்பவை பெரும்பாலும் டக்ளஸ் ஃபர். அவற்றுக்குத் திரும்ப முளைக்கும் திறன் கிடையாது. அவை விட்ட வெளிச்சத்தில் சியனோதஸ் என்ற நீலப்பூப் புதர் மேட்டுப் பகுதிகளில் அடர்ந்து கிடக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருந்து தீயின் சூட்டில்தான் முளைக்கும். காடு பழையபடி ஆகிறது என்று சொல்லமாட்டேன், வேறொரு காடாக ஆகிக்கொண்டிருக்கிறது.

பாதையை விட்டு இறங்காதீர்கள். முந்நூறு அடி மரத்துக்கும் ஆணிவேர் இல்லை. வேர்கள் ஆழம் போகாமல் பக்கவாட்டில் நூறடிக்கு மேல் படர்ந்து, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு நிற்கும். போட்டோவுக்காக நாலு பேர் மிதித்தால் மண் இறுகிவிடும்.

இத்தனையும் மிஞ்சியதற்குக் காரணம் ஒரு கோபம். 1900ல் ஆண்ட்ரூ ஹில் என்ற சான் ஹோசே புகைப்படக்காரர், ஃபெல்டனில் தனியார் தோப்பு ஒன்றில் ரெட்வுட்டைப் படமெடுக்கப் போக, தோப்புக்காரர் நெகட்டிவ்களைக் கேட்டுத் தகராறு செய்தார். மரமெல்லாம் பொதுச்சொத்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிய ஹில், அந்த வருடம் மே மாதம் ஒரு சிறு குழுவோடு பிக் பேசினில் முகாமிட்டார். தொப்பியைச் சுற்றவிட்டு 32 டாலர் வசூலித்து, ரெட்வுட் காட்டைக் காக்க செம்பர்வைரன்ஸ் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டே வருடத்தில் மாநில அரசு நிலத்தை வாங்கியது.

இன்னும் தெம்பிருந்தால்

பெரியவர்களை மேசையருகே நிழலில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் டூல் டிரெயிலில் ஏறி மெட்டியர் டிரெயில் வழியாக இறங்கும் சுற்றுக்குப் போகலாம். சுமார் 5 மைல், நிதானமாக மூன்று மணி நேரம். ரிட்ஜ் மேல் ஓஷன் வியூ சம்மிட் அருகே, பனி இல்லாத நாளில் பசிபிக் தெரியும். மேலே நிழல் குறைவு. எதிரே மேலேறி வருகிறவருக்கு வழிவிடுவது இங்கே வழக்கம். ப்ளூடூத் ஸ்பீக்கரில் ராஜாவே பாடினாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

தொடக்கூடாதவை, பயப்பட வேண்டியவை

மூன்று மூன்று இலையாக, எண்ணெய் தடவிய மினுமினுப்போடு ஓரத்தில் படர்ந்திருக்கும் பாய்சன் ஓக் செடிதான் நிஜமான தொல்லை. தீக்குப் பிறகு இதுவும் நன்றாகத் தழைத்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் சிவந்து அழகாக இருக்கும், குழந்தைகள் பறிக்கப் போகும். பட்டால் ஒன்றிரண்டு நாளில் அரித்துக் கொப்பளிக்கும். பட்டது தெரிந்தால் உடனே சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், துணியைத் தனியாகத் துவையுங்கள்.

வாழைப்பழ மஞ்சளில், விரல் நீளத்துக்கு ஊர்ந்துபோகும் பனானா ஸ்லக் ஒன்றும் செய்யாது. யூசி சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் அணிச்சின்னமே அதுதான். மிதிக்காமல் தாண்டுங்கள். மழைக்காலத்தில் ஆரஞ்சு வயிற்றோடு பல்லி மாதிரி நடக்கும் நியூட்டை மட்டும் தொட வேண்டாம், தோலில் கடும் விஷம்.

மலைச்சிங்கம் இருக்கிறது, பார்ப்பது அரிது. பார்த்தால் ஓடக்கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்திப் பெரிதாகக் காட்டி, சத்தம் போட்டபடி பின்வாங்க வேண்டும். நாய்க்கு டிரெயில்களில் அனுமதியில்லை, அதை வீட்டில் விட்டுவாருங்கள்.

நேரம் மிஞ்சினால்

பார்க்கின் மேற்குக் கோடி ஹைவே 1ல் கடலைத் தொடுகிறது. ராஞ்சோ டெல் ஓசோ என்று பெயர். 1769ல் போர்ட்டோலாவின் ஸ்பானியப் படை நோயோடு வந்து தங்கித் தேறிய பள்ளத்தாக்கு இது. குடியேற்றக்காரர்களுக்கு முன்னால் கிரோஸ்தே, கொத்தோனி என்ற பூர்வகுடி மக்கள் இந்தச் சரிவுகளில் அளவாகத் தீ வைத்தே நிலத்தைப் பேணினார்கள். பெருந்தீக்குப் பிறகு அந்த முறையைப் பற்றித்தான் இன்று எல்லோரும் பேசுகிறார்கள். ரெட்வுட் லூப்பிலிருந்து காரில் போக மலையைச் சுற்ற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே அதை வேறொரு நாளுக்கு வையுங்கள்.

அதே நாளில் சேர்க்கத் தோதானது ஃபெல்டனில் இருக்கும் ஹென்றி கவல் ஸ்டேட் பார்க். திரும்பும் வழியிலேயே வரும். ஹில் சண்டை போட்ட தோப்பு இன்று அதற்குள்தான் இருக்கிறது. 2020 தீ அந்தத் தோப்பைத் தொடவில்லை. எரியாத ரெட்வுட் காட்டின் பழைய இருட்டை அங்கே பார்க்கலாம், முக்கால் மைல் சொச்சம் சமதளப் பாதை. காலையில் எரிந்தது, மாலையில் எரியாதது என்ற வரிசையில் பார்ப்பதுதான் நல்லது, மாற்றிப் பார்த்தால் மனம் கனத்துவிடும். மாலை நாலரை மணிக்காவது பிக் பேசினை விட்டுக் கிளம்பினால் கோடையில் இதற்கு வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் இருக்காது, ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வண்டியில் ஏறுமுன் எல்லோருடைய கணுக்கால், முழங்கால் மடிப்பு, கழுத்து மூன்றையும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.